கதையும் நம்ம உற்பத்திப் பொருள்தான்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ‘நான் செய்யும் தொழில்’ என்ற தலைப்பில் பேசியது. பேசினபடியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். அதனால் பேச்சு நடையிலேயே இருக்கும்.)



எனக்கு முன்னாடி பேசினவங்க தையல், கறவை மாடு, சிறுதானிய மாவு, கம்பெனி கேன்டீனுக்குச் சப்பாத்தி போடறது, இதைப் பத்தியெல்லாம் சொன்னாங்க. நான் செய்யறது கதை. மாயாஜாலக் கதை எழுதி, நானே புத்தகமாப் போட்டு, நானே விக்கிறேன். ஒரே கதை, பாகம் பாகமா வருது. மூணு பாகம் முடிஞ்சுது. நாலாவது எழுதிக்கிட்டிருக்கேன். நான் பத்தாவது வரைக்கும் படிச்ச வீட்டுப் பொம்பளை. “கதை எழுதறது ஒரு தொழிலா?” என்று கேட்கிறவங்களுக்குப் பதில் சொல்லத்தான் இன்னைக்கு வந்தேன்.

மாயாஜாலக் கதை நமக்குப் புதுசு இல்லை. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவங்க நாம. நம்ம பாட்டிங்க காலத்துல திருவிழாக் கடையில ‘பெரிய எழுத்து’ புத்தகம் விக்கும். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை எல்லாம் அப்படி வந்ததுதான். விக்கிரமாதித்தன் கதையில சிம்மாசனத்துப் பதுமை 32, ஒவ்வொண்ணும் ஒரு கதை சொல்லும். வேதாளம் சொல்றது 25 கதை. ராஜா மரத்துல ஏறுவான், வேதாளத்தைத் தோளில் போடுவான், அது கதை சொல்லிட்டுத் திரும்ப மரத்துக்கே போயிடும். அடுத்தது என்னன்னு கேட்க வைக்கிற வித்தை அது. 1947 ஜூலையில் ஆரம்பிச்ச அம்புலிமாமா இந்த வேதாளத்தை வெச்சே எத்தனையோ வருஷம் நம்ம பிள்ளைங்களைக் கட்டிப் போட்டுது. இப்ப சீரியல்காரங்க செய்யறதும் இதேதான்.

என் கதைக்குப் பேர் ‘ஏழு மடை’. நம்ம மாவட்டத்தை ஏரி மாவட்டம்னு சொல்வாங்க. ஏரிக்கரையில ஏழு கல்லு நட்டு, கன்னிமார்னு மஞ்சள் பூசிக் கும்பிடறோம். நான் அந்த ஏழு கன்னிமாரையும் ஏழு மடைக்குக் காவலா வெச்சேன். ஒவ்வொரு மடையும் ஒரு உலகத்துக்குத் திறக்கும். நீர்கட்டி வீட்டுப் பொண்ணு ஒருத்தி ஒரகடத்துல நைட் ஷிப்ட் முடிச்சுட்டுக் கம்பெனி பஸ்ல வந்து ஏரிக்கரையில இறங்கறா. முதல் மடை திறந்திருக்கு. அங்கிருந்து கதை போகுது. ஏரி இருந்த இடத்துல இப்ப என்ன இருக்குன்னு உங்களுக்கே தெரியும். மடைன்னா என்ன, கலங்கல்னா என்னன்னு கேட்கிற பிள்ளைங்க நம்ம வீட்டிலேயே வளருது. அதுங்களுக்காக எழுத ஆரம்பிச்சது, இப்ப ஹாஸ்டல் பொண்ணுங்க கேட்டு வாங்கற அளவுக்கு வந்திருக்கு.

எழுதறது ஒரு பாடுன்னா, அதைப் புத்தகமாக் கொண்டு வர்றது இன்னொரு பாடு. பேர் தெரியாத ஒரு வீட்டுப் பொம்பளையோட கதையை யார் போடுவாங்க? இந்தக் கேள்விக்கு நூறு வருஷம் முன்னாடியே ஒரு அம்மா பதில் கண்டுபிடிச்சிருக்காங்க. அவங்க பேர் வை.மு.கோதைநாயகி அம்மாள். அவங்க அப்பாவோட ஊர் நீர்வளூர். நம்ம காஞ்சிபுரம் பக்கத்து நீர்வளூர்தான். இது எனக்குத் தெரிஞ்ச அன்னைக்கு அவங்க என் சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க.

1901-ல பிறந்தாங்க. ஒரு வயசு ஆகும்போதே அம்மா தவறிட்டாங்க. அஞ்சரை வயசுல கல்யாணம். வாழ்க்கைப்பட்டது திருவல்லிக்கேணியில. பள்ளிக்கூடம் போகலை. ஆனா அக்கம்பக்கத்துப் பிள்ளைங்களைக் கூட்டி வெச்சுக் கதை சொல்வாங்களாம். முதல்ல ஒரு நாடகம் மனசுல வந்திருக்கு. இவங்க வாயால சொல்லச் சொல்ல, பட்டம்மாள்னு ஒரு தோழி எழுதிக் கொடுத்தாங்க. ‘இந்திர மோகனா’ என்ற அந்த நாடகம் 1924-ல வந்தது. நம்ம குழுவுல கையெழுத்து தெரியாத உறுப்பினருக்குப் பக்கத்துல இருக்கிறவங்க மனு எழுதிக் கொடுக்கிற மாதிரிதான். ஒருத்தி சொல்ல, ஒருத்தி எழுத, ஒரு எழுத்தாளர் வந்துட்டாங்க.

அடுத்த வருஷம், 1925-ல, அவங்க செய்ததுதான் நான் இங்கே முக்கியமாச் சொல்ல வந்தது. ‘ஜகன்மோகினி’னு ஒரு மாதப் பத்திரிகை ஓடாம நின்னு போயிருந்தது. அந்தப் பத்திரிகையையே வாங்கிட்டாங்க. தானே ஆசிரியர், அதுல தன் நாவலே தொடர். ‘வைதேகி’ அப்படித்தான் வந்தது. தொடரா வர்றது பிறகு புத்தகமாகும். பத்திரிகை வாங்கறவங்க புத்தகத்தைத் தேடுவாங்க, புத்தகம் படிச்சவங்க பத்திரிகையைத் தேடுவாங்க. நடுவுல யாரோட தயவும் தேவைப்படலை. அந்த அம்மா எழுதின நாவல் மொத்தம் 115. 1932-ல அந்நியத் துணி மறியலுக்காக ஜெயிலுக்குப் போனப்பவும் எழுதறதை விடலை. 1960-ல காலமானாங்க. அதுக்கப்புறமும் அவங்க கதை வேலை செய்தது. 1966-ல பத்மினி நடிச்சு வந்த ‘சித்தி’ படத்தை நம்ம அம்மாங்க அழுதுக்கிட்டே பார்த்திருப்பாங்க. அது இவங்களோட ‘தயாநிதி’ நாவல்.

பள்ளிக்கூடமே போகாத அவங்க, கதையைத் தன் கையை விட்டுப் போக விடலை. நான் பிடிச்சுக்கிட்டது அதைத்தான்.

இது ஏன் முக்கியம்னு என் அனுபவத்தையே சொல்றேன். முதல் பாகம் எழுதி முடிச்ச சமயம் ஒரு பதிப்பகத்துலயிருந்து ஆள் வந்தார். ரெண்டு விதமாச் சொன்னார். ஒண்ணு, நான் 40,000 ரூபாய் கட்டினா அவங்களே புத்தகம் போட்டுத் தருவாங்க. இல்லைன்னா அவங்க எனக்கு 5,000 ரூபாய் கொடுத்துடுவாங்க, கதையோட எல்லா உரிமையும் அவங்களுக்கு. வீட்டுல கூட, “கையில காசு வருதே, கையெழுத்துப் போடேன்” என்று சொன்னாங்க. நான் அந்தக் காகிதத்தைக் குழுக் கூட்டத்துக்கு எடுத்துட்டு வந்தேன். எங்க கணக்காளர் தங்கச்சி வரி வரியாப் படிச்சுச்சு. ‘இந்தக் கதையும், இதன் தொடர்ச்சியும், இதன் பாத்திரங்களும்’ என்று ஒரு வரி இருந்தது. அப்படின்னா என்ன அர்த்தம்? ரெண்டாம் பாகத்துலயிருந்து ஏழாம் பாகம் வரைக்கும், இன்னும் எழுதவே எழுதாததும் போயிடும். நீர்கட்டிப் பொண்ணு என் பொண்ணா இருக்க மாட்டா. கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துட்டேன்.

அதுக்கப்புறம்தான் சட்டம் என்ன சொல்லுதுன்னு விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். இதை எல்லாரும் கேட்டுக்குங்க. பாட்டு எழுதறவங்க, கோலப் புத்தகம் போடறவங்க, சமையல் குறிப்பு எழுதறவங்க யாரா இருந்தாலும் உதவும். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு கதையை எழுதின உடனே அதோட உரிமை எழுதினவங்களுக்கு வந்துடும். பதிவு செய்தாதான் உரிமைன்னு இல்லை. எழுதினவங்க இருக்கிற வரைக்கும் உரிமை அவங்களுக்கு, அவங்களுக்குப் பின்னால 60 வருஷம் வாரிசுக்கு. அந்த உரிமையை இன்னொருத்தருக்குக் கொடுக்கணும்னா எழுத்துல இருக்கணும், கையெழுத்து இருக்கணும். வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை வருஷத்துக்குன்னு அந்தக் காகிதத்துல எழுதலைன்னா, 5 வருஷம்னுதான் சட்டம் எடுத்துக்கும். அதனால வர்ற காகிதத்துல ‘நிரந்தரமாக’, ‘எல்லா உரிமையும்’ என்ற வார்த்தை இருக்கான்னு முதல்ல அதைத் தேடிப் பாருங்க.

இப்ப கணக்குக்கு வரேன். நம்ம கூட்டத்துல கணக்கு சொல்லாம உட்கார முடியாதே.

முதல் பாகம் 112 பக்கம். 200 பிரதி போட்டேன். கதையை போன்லயே தமிழ்ல டைப் பண்ணிட்டேன், அதனால அந்தச் செலவு இல்லை. அச்சுக்கூலி ஒரு பிரதிக்கு 65 ரூபாய் வீதம் 13,000. பக்கம் வடிவமைக்க 2,000. அட்டைப்படம் ஹாஸ்டல்ல தங்கி வேலை செய்யற ஒரு தங்கச்சி வரைஞ்சது, அதுக்கு 1,500 கொடுத்தேன். ஆட்டோ, தபால் 500. மொத்தம் 17,000. பிழை திருத்திக் கொடுத்தவர் எங்க ஊர் ஓய்வு பெற்ற தமிழ் ஐயா, காசு வாங்கலை.

குழுவுல 15,000 உள்கடன் கேட்டேன். ரெண்டு கூட்டம் வாக்குவாதம். “மாடு வாங்கினா மாட்டைக் காட்டலாம். மெஷின் வாங்கினா மெஷினைக் காட்டலாம். நீ எதைக் காட்டுவே?” என்று ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான கேள்வி. எல்லாரோட சேமிப்புப் பணமாச்சே. நான் முதல் அத்தியாயத்தை அங்கேயே படிச்சுக் காட்டினேன். படிச்சு முடிச்சதும் அதே அக்காதான் “அப்புறம் அந்தப் பொண்ணு மடைக்குள்ள போனாளா இல்லையா?” என்று கேட்டாங்க. தீர்மான நோட்டுல எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பணம் கொடுத்தாங்க. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்துத் தவணை. மாசம் 1,500 அசல் போக, குறையக் குறைய வட்டி கட்டினதுல மொத்த வட்டி 825 ரூபாய். ஒரு தவணையும் நிக்கலை.

விலை 120 ரூபாய் வெச்சேன். கையால வித்தது 160 பிரதி, 19,200 ரூபாய் வந்தது. கடைக்குக் கொடுத்த 20 பிரதிக்குக் கமிஷன் போகப் பிரதிக்கு 78 வீதம் 1,560. ஆக வரவு 20,760. செலவும் வட்டியும் போக எனக்கு நின்னது 2,935 ரூபாய். மீதி 20 பிரதியில 4 நூலகத்துக்குப் போச்சு, 16 அன்பளிப்பு. இதுதான் நிஜமான கணக்கு. புத்தகம் போட்டா லட்சம் லட்சமா வரும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ராத்திரி ராத்திரியா எழுதின கூலியை இதுல நான் சேர்க்கவே இல்லை.

அப்புறம் ஏன் தொழில்னு சொல்றேன்? ஊறுகாய் பாட்டில் வித்துத் தீர்ந்தா, திரும்ப மாங்காய் வாங்கணும், உப்பு வாங்கணும், வெயிலுக்குக் காத்திருக்கணும். கதைக்கு அப்படி இல்லை. ஒரு தரம் உழைச்சது, உரிமை கையில இருக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப விக்கும். அதுலயும் தொடர் கதைக்கு ஒரு குணம் இருக்கு. ரெண்டாம் பாகம் வந்தப்ப, அதை எடுத்துப் பார்த்தவங்க எல்லாம் முதல் பாகம் இருக்கான்னு கேட்டாங்க. முதல் பாகத்தை இன்னும் 100 போட வேண்டியதாச்சு. அப்ப பக்கம் வடிவமைக்கிற செலவும் அட்டைச் செலவும் இல்லை, அச்சுக்கூலி மட்டும்தான். மூணாம் பாகம் வந்தப்ப முன்னாடி வந்த ரெண்டையும் இழுத்துட்டுப் போச்சு. மூத்த பிள்ளை இளையதைத் தூக்கும், இளையது மூத்ததைத் தூக்கும்.

விக்கிறதுக்கு ஒரு வழியை நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். அமிஷ்னு ஒருத்தர், பேங்க் வேலையில இருந்தவர். சிவபெருமானை வெச்சு இங்கிலீஷ்ல மூணு பாகக் கதை எழுதினார். முதல் பாகத்தை நிறையப் பதிப்பகங்கள் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். 2010-ல அவரோட ஏஜென்ட் துணையில தாங்களாவே கொண்டு வந்தாங்க. அப்ப முதல் அத்தியாயத்தை மட்டும் தனியா அச்சடிச்சுப் புத்தகக் கடைகள்ல இலவசமாக் கொடுத்தாங்க. படிச்சவங்க மீதிக்காகப் புத்தகம் வாங்கினாங்க. அப்புறம் அது எவ்வளவு பெரிய விற்பனைன்னு எல்லாருக்கும் தெரியும். அவர் படிச்ச படிப்பும் இருந்த ஊரும் வேற. ஆனா அந்த யோசனைக்குப் பெரிய செலவு இல்லையே. முதல் அத்தியாயத்தை எட்டுப் பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, ஷிப்ட் மாறற நேரத்துல பஸ் நிக்கிற இடத்துல கொடுத்தேன். இருங்காட்டுக்கோட்டை, வல்லம், ஒரகடம் போற பொண்ணுங்க பஸ்ல படிப்பாங்க. கடைசி வரியில மடை திறந்துடும். அடுத்த வாரம் ரெண்டு பேர், மூணு பேர்னு போன் பண்ணுவாங்க. என் வாசகர்ல பாதிப் பேர் அவங்கதான். திருநெல்வேலிப் பக்கம், தர்மபுரிப் பக்கம், வடநாடுன்னு எங்கிருந்தோ வந்து ஒரே ரூமுல தங்கியிருக்கிறவங்க. தமிழ் படிக்கத் தெரிஞ்ச பொண்ணு சத்தமாப் படிக்க, ஒடிசாப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்து கேக்குதாம்.

புத்தகம் போட நினைக்கிறவங்களுக்கு இன்னும் சில விஷயம். புத்தகத்துக்குப் பின்னட்டையில 13 இலக்கத்துல ஒரு எண் இருக்கும், ஐ.எஸ்.பி.என். நம்ம நாட்டுல மத்திய அரசோட ராஜா ராம்மோகன் ராய் முகமை அதை இலவசமாத் தருது. தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். அதுக்குன்னு யாராவது ஆயிரக்கணக்குல காசு கேட்டா கொடுக்காதீங்க. அச்சடிச்ச புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. 1954-ஆம் வருஷத்துச் சட்டப்படி, புத்தகம் வெளியிடறவங்க நாலு பெரிய நூலகத்துக்கு ஒவ்வொரு பிரதி அனுப்பணும். கல்கத்தா தேசிய நூலகமும் நம்ம சென்னைக் கன்னிமாராவும் அதுல சேர்த்தி. நான் சொன்ன அந்த 4 பிரதி இதுதான். என் பேர் போட்ட புத்தகம் கன்னிமாராவுக்குத் தபால்ல போன அன்னைக்கு எங்க வீட்டுல கேசரி கிண்டினோம்.

போன்லயும் போடலாம். அமேசான் கிண்டில்ல 2016-லயிருந்து தமிழ்ப் புத்தகம் இருக்கு. அதுல நம்ம புத்தகத்தை ஏத்தறதுக்குக் காசு கட்ட வேண்டாம். வித்த விலையில 35 சதவீதம் நமக்கு, சில நிபந்தனையை ஏத்துக்கிட்டா 70 சதவீதம். பிரதிலிபியில அத்தியாயம் அத்தியாயமாப் போடலாம். எதுல போட்டாலும், அவங்க நிபந்தனையைப் பிள்ளைங்களை விட்டுத் தமிழ்ல படிச்சுச் சொல்லச் சொல்லுங்க. வேற இடத்துல போடக் கூடாதுன்னு சொல்றாங்களா, எத்தனை நாளைக்கு, இந்த ரெண்டும் தெரியணும்.

இது எல்லாம் ஏன் இந்தக் கூட்டமைப்புக்குன்னு கேப்பீங்க. நம்ம பக்கம் கம்பெனி வந்தது, நிலம் போச்சு, வேலை வந்தது. சில கம்பெனி மூடவும் மூடிட்டுப் போச்சு. 2014-ல ஒரு பெரிய செல்போன் கம்பெனி மூடினப்ப ஆயிரக்கணக்கான பொண்ணுங்க வேலை இல்லாம நின்னதை நாம பார்த்தோம். அடுத்தவங்க கையில இருக்கிறது எப்ப வேணும்னாலும் போகலாம். நம்ம கையில நம்ம பேர்ல என்ன இருக்குன்னு யோசிச்சா, நிலம் பெரும்பாலும் வீட்டு ஆம்பளைங்க பேர்ல இருக்கு. வண்டியும் அப்படித்தான். என் பேர்ல முழுசா இருக்கிற முதல் சொத்து அந்தக் கதை. ‘உரிமை: ஆசிரியருக்கு’ என்று ரெண்டாம் பக்கத்துல அச்சடிச்சிருக்கிறதை என் மாமியார் விரலால தடவிப் பார்த்தாங்க. அவங்களுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனா கன்னிமார் கதை பாதி அவங்க சொன்னது. மூணாம் பாகத்துல முதல் பக்கத்துல அவங்க பேரையும் போட்டேன்.

கடைசியாக் கூட்டமைப்புக்கிட்ட மூணு கோரிக்கை வைக்கிறேன். ஒண்ணு, உள்கடன் கொடுக்கிற தொழில் பட்டியல்ல புத்தகம் போடறதையும் சேர்த்துத் தீர்மானம் போடுங்க. யார் கேட்டாலும் கொடுங்கன்னு சொல்லலை. எழுதி முடிச்ச கதையைக் கூட்டத்துல படிச்சுக் காட்டட்டும், செலவுக் கணக்கைக் காட்டட்டும், அப்புறம் கொடுங்க. ரெண்டு, நம்ம பொருள் கண்காட்சி நடக்கும்போது ஊறுகாய், மசாலாப் பொடி மேஜை பக்கத்துல புத்தகத்துக்கும் ஒரு முழம் இடம் கொடுங்க. மூணு, எந்த உறுப்பினருக்கு எந்த ஒப்பந்தக் காகிதம் வந்தாலும், குழுவுல ரெண்டு பேர் படிச்ச பிறகுதான் கையெழுத்துன்னு ஒரு வழக்கம் கொண்டு வாங்க. கதைக்கு மட்டும் இல்லை, நிலத்துக்கும் வேலைக்கும் இது உதவும்.

உறுப்பினர்களுக்கு ஒண்ணு சொல்லி முடிச்சுக்கறேன். உங்க ஊர்ல மடைக்கு ஒரு கதை இருக்கும், புளியமரத்துக்கு ஒரு கதை இருக்கும். சொல்றவங்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருப்பாங்க. அவங்க சொல்லச் சொல்ல நீங்க எழுதுங்க. எழுத வரலைன்னா போன்ல பதிவு பண்ணி எடுத்துட்டு வாங்க, நான் எழுதித் தரேன். பேர் உங்க பேர்தான் இருக்கும்.

சாப்பாட்டு நேரத்துல வாசல் பக்கம் என் மேஜை இருக்கு. மூணு பாகமும் சேர்த்து எடுத்தா உறுப்பினர்களுக்கு 300 ரூபாய். முதல் அத்தியாயம் சும்மாவே கொடுக்கறேன்.